தொள்ளாயிரம் மீற்றரில் ஒரு கயிறு

விளக்கு வெளிச்சத்துக்குள் தூசிகள், அரித்த மா விழுவதுபோல, நேர்கீழாக விழுந்துகொண்டிருந்தன. தொள்ளாயிரம் மீற்றர் ஆழத்தில் அன்றைக்கு நீரோட்டமே இல்லை. திரையில் வேறெதுவும் அசையவில்லை, இடது மூலையில் மணலில் கிடந்த மஞ்சள் கயிற்றைத் தவிர.

அது இரண்டு தரம் சுண்டுப்பட்டது. நின்றது. திரும்பவும் இரண்டு தரம்.

தாட்சாயினி கதிரை நுனிக்கு வந்தாள். வெளியே முல்லைத்தீவுக் கடற்கரையில் உச்சி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஆனால் எண்ணெய்க் கொம்பனி கொண்டுவந்து இறக்கிய இந்தக் கொன்ரெயினருக்குள், படம் தெளிவாகத் தெரியவேண்டுமென்று யன்னலுக்குக் கறுப்புச் சீலை அடித்திருந்ததால், எந்த நேரமும் ஒரே இருட்டு. ஜெனரேற்றரின் உறுமலும், ஏசி விடுகிற நனைந்த சாக்கு மணமும், நிருஷன் பாதி தின்று மூடிவைத்த சோற்றுப் பார்சலின் மீன்குழம்பு வாசமும் குளிருக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மூச்சு விடுவதையே ஒரு வேலையாக்கின.

நிருஷன் கொம்பனியின் ஆள், வவுனியாக்காரன். அவள் மீனவர் சங்கத்தின் ஆள். நாற்பது நாள் பந்தல் போட்டு மறியல் இருந்து சங்கம் வாங்கிய ஒரே உரிமை அது: கொம்பனி கிணறு தோண்டிய கடலடியில் வலையோ தொழில் சாமானோ கண்ணில் பட்டு, சங்கத்தின் ஆள் நிப்பாட்டு என்றால் வேலை நிற்கவேண்டும். இரு பக்கத்துப் பெரியவர்களும் கையெழுத்து வைக்கும்வரை எதையும் இறக்கக்கூடாது. அந்தக் கதிரையை அவள் கேட்டு வாங்கினாள். அஜந்தன் போன கடலின் அடியைப் பார்க்க அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை.

அஜந்தன் அவளுடைய புருசன். கடலட்டைக்குச் சுழியோடுகிறவன். அவன் இறங்கினால் படகிலிருந்து கயிறு பிடிப்பது அவள்தான். "புருசனைக் கட்டி மேய்க்கிறா" என்று கரை முழுக்கச் சிரித்தது. இரண்டும் இரண்டுமாகச் சுண்டினால், நான் சுகம், இழுக்காதே. அது அவர்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த சைகை. போன வருசம் பங்குனியில் ஒருநாள் அந்தச் சைகை இருபது நிமிடம் விடாமல் வந்தது. அவள் இழுக்கவில்லை. பிறகு இழுத்தபோது வெட்டுப்பட்ட நுனி மட்டும் வந்தது. எண்ணெய் தேடிய கொம்பனியின் கப்பல் நீளநீளமான கம்பிகளைப் பின்னால் இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனதை அவள் கண்ணால் கண்டவள். அவளுடைய முறைப்பாட்டுக்குக் கொம்பனி அனுப்பிய பதிலில் ஒரே வரி: குறித்த இடத்தில் ஆள் எவரும் பதிவாகவில்லை.

அந்த வரியைப் பதினான்கு மாதமாக அவள் மென்றுகொண்டிருந்தாள்.

"தம்பி, அந்தக் கயிறு ஆடுது."

"நீரோட்டம் அக்கா."

"நீரோட்டம் இல்லையெண்டு காலமை நீர்தானே சொன்னனீர்."

"அப்ப றோபோ கிளப்பின தண்ணியா இருக்கும். மரம் இறங்கிற நேரம் அக்கா, கொஞ்சம் பேசாமல் இருங்கோ."

மரம் என்று அவர்கள் சொன்னது வால்வுகள் அடுக்கிய நாற்பது தொன் இரும்புக் கூடு. கப்பலிலிருந்து கம்பியில் தொங்கி, றோபோவின் கமரா காட்டும் வழியில், நேற்று மூடி கழற்றிய கிணற்றுக் குழாயின் வாயில் அது போய்ப் பொருந்தி அதை மூடவேண்டும். கமராவைப் பார்த்து வழிகாட்டுகிறவன் கப்பலிலிருந்து றேடியோவில் இங்கிலீசில் எண் சொல்லிக்கொண்டிருந்தான். பன்னிரண்டு மீற்றர். பதினொன்று. பத்து.

கயிறு இரண்டு தரம் சுண்டியது. பிறகு இரண்டு.

"கமராவை அந்தப் பக்கம் திருப்பச் சொல்லும்."

"ஏன், வலையோ?"

"அது என்ர மனுசன்ர கயிறு."

நிருஷன் திரும்பிப் பார்த்தான். பாவம் என்று நினைத்தவன்போலத் தொடங்கி, சிரிப்பில் முடித்தான். "அக்கா, அவர் இறங்கினது இருபது மீற்றர். இது தொள்ளாயிரம். பஸ் பிடிச்சு வந்தவரோ?"

அவளுக்குக் காது இரண்டும் கொதித்தன. றேடியோ ஏழு என்றது.

"வலை," என்றாள்.

"என்ன?"

"வலை கிடக்கு. நிப்பாட்டு. இப்பவே நிப்பாட்டு!"

"பொய் சொல்லாதேங்கோ அக்கா."

"உங்கட கடிதம் மட்டும் உண்மையோ? எழுது. பன்னிரண்டு இருபதுக்குத் தாட்சாயினி நிப்பாட்டினவள் எண்டு எழுது. முழுப் பேரையும் எழுது."

அவன் பல்லைக் கடித்தபடி றேடியோவில் சொன்னான். மரம் நான்கு மீற்றர் உயரத்தில் நின்று மெல்லத் தள்ளாடியது. அவன் எறிந்த தாளில் அவள் கிழிய அழுத்திக் கையெழுத்து வைத்தாள். வலையா என்று பார்க்க றோபோ திரும்பிக் கயிற்றின் வழியே ஊர்ந்தது. மணல். சிப்பி. திரும்பவும் மணல்.

பிறகு அஜந்தன்.

குப்புறக் கிடந்தான். முதுகில் சிலிண்டர். அவள் தைத்த சிவப்புக் கழுத்துப்பட்டி நிறம்கூட மங்காமல் அப்படியே இருந்தது.

"பதிவாகேல்லையோ?" அவள் நிருஷனின் சட்டையைப் பிடித்துத் திரைக்கு இழுத்தாள். "பார். வடிவாப் பாரடா. இது ஆளில்லையோ? இப்ப பதி. இப்ப உன்ர கையாலயே பதி!"

அவன் சட்டையை விடுவிக்காமலே திரையை நோக்கிக் குனிந்தான்.

இரண்டு. இரண்டு.

அவள் பிடி தளர்ந்தது. அஜந்தனின் கைகள் இரண்டும் முழங்கை வரை மணலுக்குள் புதைந்திருந்தன. அவன் கயிற்றைப் பிடித்திருக்கவில்லை. கயிறு அவன் இடுப்பு முடிச்சிலிருந்து மறுபக்கம் போனது. ஒவ்வொரு சுண்டலுக்கும் அவன் இடுப்பு மணலை விட்டு ஒரு விரற்கடை எழும்பி விழுந்தது.

சுண்டுவது அவனல்ல.

கமரா மெல்லத் திரும்பியது. கயிறு மணலால் போய், கிணற்றுக் குழாயின் பின்பக்கத்தால் ஏறி, விளிம்பைத் தாண்டி, வாய்க்குள் இறங்கியது. ஒரு வாளியளவு அகலமான வாய். அதற்குக் கீழே இரண்டு கிலோமீற்றர் துளை.

அந்த இருபது நிமிடம். நான் சுகம். இழுக்காதே. படகிலிருந்து அவள் திருப்பிச் சுண்டி, சிரித்துக்கொண்டிருந்த இருபது நிமிடம்.

யாருக்குச் சுண்டினாள்?

"இறக்கு," என்றாள். "தம்பி, மரத்தை இறக்கச் சொல்லும். அதை மூடச் சொல்லும்."

"இனி ஏலாது அக்கா." அவன் கையெழுத்துத் தாளைத் தூக்கிக் காட்டினான். "நீங்கள்தானே நிப்பாட்டினனீங்கள். கையெழுத்தும் வைச்சாச்சு. கொழும்பிலயிருந்து ஆக்கள் வரோணும்."

"நான் பொய் சொன்னனான். வலையில்லை. கேளும், வலையில்லை!"

றேடியோ எண் சொன்னது. ஐந்து மீற்றர். ஆறு. எட்டு. மரத்தை மேலே எடுக்கிறார்கள்.

அவள் மைக்கைப் பறித்தாள். தமிழில் கத்தினாள். கப்பலிலிருந்தவனுக்கு விளங்கவில்லை. பத்து, என்றான். பன்னிரண்டு.

கயிறு நின்றது.

தளர்ந்தது.

கிணற்று வாயின் விளிம்பில், உள்ளிருந்து, நான்கு விரல்கள் ஏறிப் பிடித்தன. பக்கத்தில் இன்னும் நான்கு. எதிர்ப்பக்கம் நான்கு. தண்ணீர் பவுசர் லொறி வந்ததும் முண்டியடித்துத் தொட்டி விளிம்பைப் பிடிக்கிற சனத்தின் விரல்கள்போல, வட்டம் முழுக்க, இடம் போதாமல், ஒன்றன்மேல் ஒன்றாக.

சில விரல்கள் மிகச் சின்னவை.