ஒரே பக்கம் பார்த்த அம்புகள்

பல் தேய்த்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். நின்றபடியே ரொட்டி தின்றான். கதவைப் பூட்டினான். மனைவி செத்த பிறகும் காலை வேலைகளில் ஒன்றும் மாறவில்லை.

சுரங்க ரயில் நிலையங்களின் வழிகாட்டிப் பலகைகளைப் பராமரிக்கும் பொறியாளன் அவன். தீப்பிடித்து மாதக்கணக்கில் மூடிக்கிடந்த நிலையத்தை அன்று மறுபடி திறக்கிறார்கள்.

அவள் செத்தது அங்கேதான்.

வடிவமைப்புத் தலைவர் முன்பே வந்து நடைமேடையில் நின்றிருந்தார். அலுவலகத்தில் அவருக்கு ‘ரசனை’ என்று பட்டப்பெயர். ரயில் ஏறியே பல வருடமானவர். ரயில் ஏறுகிறவன் எதைப் பார்த்து நடக்க வேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்கிறார். சுவர் நெடுக அவருடைய புதுப் பலகைகள். சாம்பல் நிறக் கண்ணாடி, அதில் கொஞ்சமே வெளுத்த எழுத்து, உள்ளே மங்கலான விளக்கு.

“எழுத்து கத்தக் கூடாதுய்யா. கிசுகிசுக்கணும்.”

ரயிலுக்கு ஓடுகிறவன் இனி சுவரில் காதை வைத்துக் கேட்க வேண்டியதுதான்.

“சார், அந்தக் கடைசி போர்டு. படிக்கட்டு இடது பக்கம் இருக்கு. அம்பு வலது பக்கம் காட்டுது. அங்க பூட்டின கதவுதான் இருக்கு. தீப்பிடிக்கறதுக்கு முன்னாடி இருந்த போர்டும் இப்படித்தான் காட்டிச்சு. அப்பவும் இதத்தான் சொன்னேன்.”

“எல்லா அம்பும் ஒரே பக்கம் பாக்குது. அது ஒண்ணு மட்டும் திரும்பி முறைச்சா வரிசையே கெட்டுடும். ஜனங்களுக்குப் பழகிடும், விடு.”

பழகிக்கொள்ள அவளுக்கு அவகாசம் இருக்கவில்லை.

“இப்ப கேட்டைத் திறந்துடுவாங்க சார். கூட்டம் வந்துடும்.”

“அதுக்குள்ள அந்தக் கறையத் துடை.”

கடைசிப் பலகையில் கரி படிந்த ஒரு கைத்தடம். துணியால் அழுத்தித் துடைத்தான். துணியில் ஒன்றும் ஒட்டவில்லை.

தடம் கண்ணாடிக்கு உள்பக்கம் இருந்தது.

ரப்பர் கருகும் நாற்றம் மெல்ல எழுந்தது. மிக அருகில் யாரோ இருமினார்கள்.

விளக்குகள் அணைந்தன. கடைசிப் பலகையில் மட்டும் விளக்கு எரிந்தது.

“ஏய்... வெளிய போற வழி எது?” ரசனையின் குரல் இறங்கிப்போயிருந்தது. தான் வரைந்த நிலையத்தில் அவருக்கே வழி தெரியவில்லை.

“இடது பக்கம் வாங்க சார்.”

“இங்க அம்பு போட்டிருக்கேய்யா!”

காலடிகள் வலது பக்கம் ஓடின.

அவற்றுக்குப் பின்னால் இன்னொரு ஜோடி. செருப்பில்லாமல், அவசரமில்லாமல்.

கதவில் உடம்பு மோதியது. உள்ளங்கைகள் அறைந்தன. பிறகு இருமல்.

இரண்டு பேர் இருமினார்கள்.

விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவன் சுவரைத் தடவிக்கொண்டு கதவுவரை போனான். கையில் சிக்கிய காலரைப் பிடித்து இழுத்து வந்தான். விளக்கு வந்தது. வெள்ளைச் சட்டையின் முதுகில் ஐந்து விரல்களும் கரியாகப் பதிந்திருந்தன.

“கழட்டு... அந்த போர்டைக் கழட்டிடு,” என்றார் ரசனை. வரிசையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

கழற்றினான். பின்னால் சுவரில் புதுப் பூச்சு, வெள்ளைவெளேரென்று. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் கரி ஊறி வந்தது. விரலால் இழுத்த கோடு. அதன் நுனியில் அம்பு, இடது பக்கம் பார்த்து. தொட்டான். சுட்டது.

விசாரணையில் ரசனை ஒன்று சொல்லியிருந்தார்: அந்தப் பெண் பதற்றத்தில் பலகையைப் பார்க்காமல் ஓடியிருக்கிறாள். பத்திரிகைகளிலும் அப்படியே வந்தது.

அவள் பதறவே இல்லை. புகைக்குள்ளிருந்து போனில் அவனிடம் கடைசியாகச் சொன்னது இதுதான்:

“உன் ஆபீஸ் போர்டு தெரியுதுடா. அதைப் பாத்தே வந்துடறேன்.”