சாவேன் தந்த பச்சை டிக்

போன் அலறியது.

பகல் பதினொன்று ஐம்பது. பூர்ஜ் ஹம்மூத் நகரில் ஒரு குடியிருப்பின் மூன்றாவது மாடி. நயீரி காபியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு எடுத்தாள்.

பாசில். இரண்டு வருடமாக அவளோடு சேர்ந்து ப்ரோக்ராம் எழுதுகிறவன்.

"காலைல வந்த வெர்ஷனுக்கு டிக் கொடுத்தது யார் மெஷின் தெரியுமா?"

"யாரு?"

"சாவேனோடது."

அவர்களோடு சேர்ந்து எழுதிவந்த சாவேனைப் புதைத்து மூன்று வாரம் ஆகிறது.

அவர்களுடைய ப்ரோக்ராம் சர்க்கரை நோயாளிகளின் இன்சுலின் பம்ப்பை இயக்குவது. இலவசம். யாரும் திருத்தம் அனுப்பலாம். ஆர்வலர்கள் தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்களை இரவல் தந்திருந்தார்கள். திருத்தங்களைச் சோதிப்பது அவைதான். ஒரு மெஷினின் பச்சை டிக். திருத்தத்தை எழுதாத இன்னொருவரின் ஒப்புதல். இரண்டும் சேர்ந்தால் நானூறு பம்ப்புகளுக்குப் போய்விடும்.

நாற்பதாம் நாள் பிரார்த்தனை முடியும்வரை சாவேனின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்க யாருக்கும் மனம் வரவில்லை.

காலையில் ஒப்புதல் தந்தவள் நயீரி. டிக்கைப் பார்த்தாள். ப்ரோக்ராம் வரிகளைப் படிக்கவில்லை.

யாரோ அந்த மெஷினுக்குள் புகுந்துவிட்டார்கள் என்றான் பாசில். மருந்து பத்து மடங்கு இறங்கும். பன்னிரண்டு மணிக்குப் பம்ப்புகள் அதை இழுத்துக்கொள்ளும். நிறுத்த வழியில்லை, அதற்கு மேல் புதிய வெர்ஷன் ஒன்றை ஏற்றினால்தான் உண்டு. எழுதிவிட்டான். டிக்கும் விழுந்துவிட்டது.

"நீ ஓகே குடு. அது போதும்."

அவள் கணவன் ஹாகோப் திரிப்போலி சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். இடுப்பில் பம்ப். அவனுக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள்...

எடுக்கவில்லை.

பதினொன்று ஐம்பத்தாறு.

புதிய வெர்ஷனையும் அந்த மெஷின் கெடுத்துவிட்டால்? முதலில் அதன் ஒயரைப் பிடுங்கச் சொல்லலாம். சாவேனின் மனைவிக்கு அடித்தாள்.

"ஷோகிக் அக்கா, அண்ணனோட கம்ப்யூட்டரை உடனே ஆஃப் பண்ணுங்க."

"அது இங்க ஏதும்மா? அடக்கத்தன்னிக்கே பாசில் தூக்கிட்டுப் போயிட்டானே. அண்ணன் ஞாபகமா ஓடிக்கிட்டே இருக்கட்டும்னு அழுதான்."

அப்படியானால் அந்த மெஷின் பாசிலிடம்தான் ஓடுகிறது.

பதினொன்று ஐம்பத்தெட்டு.

காலை வெர்ஷனைத் திறந்தாள். ஒரு தேதி மாறியிருந்தது. வேறொன்றுமில்லை.

பாசிலின் திருத்தத்தைத் திறந்தாள். நாற்பதாவது வரி. மருந்தின் அளவு... பத்தால் பெருக்கப்பட்டிருந்தது.

நிராகரித்தாள். சாவேனின் பெயரை நீக்கினாள். அப்புறம் பாசிலின் பெயரை.

பன்னிரண்டு. பன்னிரண்டு ஒன்று.

போன். ஹாகோப். பெட்ரோல் போடுகிற இடத்தில் வரிசையில் நின்றானாம், பசிக்கிறதாம். சத்தமில்லாமல் அழுதபடி கேட்டுவிட்டு வைத்தாள்.

அடுத்து பாசில். குரல் உடைந்திருந்தது.

"பம்ப் கம்பெனிக்காரன் மேனேஜர் வேலை தர்றேன்னான். நாலு பேர் மயங்கி விழுந்தா போதும், இலவசத்தை எவனும் தொடமாட்டான்னான். யாரும் சாவாங்கன்னு நான் நினைக்கலை... போலீஸ் வேண்டாம் நயீரி. என் வேலை போயிடும்."

"போகாது பாசில். செத்தவன்கிட்டயே மூணு வாரம் வேலை வாங்கியிருக்கே. உன்னை மாதிரி மேனேஜர் கிடைப்பானா?"