மாடிப்படியில் ஒரு மறியல்

"யாரா இருந்தா எனக்கென்ன? ஹெல்மெட் இல்லாம மேல ஏற விடமாட்டேன்!"

மாடிப்படியின் குறுக்கே கையை நீட்டி நின்றான் அவன். மழையில் நனைந்து வந்தவளுக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. அந்தக் கண்களைப் பாரேன்... கெஞ்சினாலும் மசியாத கண்கள்!

"நான் உங்க வக்கீல், சார்!"

"இருந்துட்டுப் போங்க. விழுந்தீங்கன்னா எனக்கு வக்கீல் இல்லாமப் போயிடும்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு, நனைந்தபடியே திரும்பினாள்.

கட்டி முடியாத அந்தக் கட்டடத்தின் மேனேஜர் அவன். அங்கே வேலை செய்த கொத்தனார் மழை நாளில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பொடிந்து கிடக்கிறார். 'மேனேஜர்தான் ஏறச் சொன்னார்' என்று காண்ட்ராக்டர் பழியை இவன் தலையில் கட்டிவிட்டார். வழக்கில் தோற்றால் வேலையும் போகும், பேரும் போகும். இவனா ஏறச் சொல்லியிருப்பான்? நல்லா இருக்கே கதை!

அவளுடைய சீனியர் அப்பாதான். "தப்பை ஒத்துக்கச் சொல்லும்மா. சமாதானமா முடிச்சிடலாம்."

"செய்யாத தப்பையாப்பா?"

"சாட்சி இல்ல. எந்த தைரியத்துல பேசுற?"

"என்னையே மறிச்சு நிறுத்தினாரே, அந்த தைரியத்துல!"

அப்பா ஏற இறங்கப் பார்த்தார். "கேஸைப் பத்திப் பேசுறியா, ஆளைப் பத்தியா?"

காது சிவந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "ரெண்டும்தான்! கேஸ் முடியற வரைக்கும் கேஸ் மட்டும்."

இடத்தைப் பார்வையிட நீதிமன்றம் ஓர் ஆணையரை அனுப்பியது. காண்ட்ராக்டரும் வந்தார். அன்றைக்கும் மழை. படியருகே... நீண்டது அதே கை!

"ஹெல்மெட் போட்டுக்கிட்டு ஏறுங்க ஐயா."

ஆணையர் வாங்கி மாட்டிக்கொண்டார். காண்ட்ராக்டருக்குத்தான் பொறுக்கவில்லை.

"இவனோட எப்பவும் இதே ரோதனை! அன்னிக்கும் மழைல ஏறக்கூடாதுன்னு வழிய மறிச்சான். பின்பக்க ஏணி வழியாத்தான் ஆளை ஏத்தினேன்..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆணையர் பேனாவை எடுத்துவிட்டார்.

தீர்ப்பில் மேனேஜர் மேல் குற்றமில்லை. கொத்தனாருக்குக் காண்ட்ராக்டர்தான் பொறுப்பு. அன்று சாயங்காலமே அவள் அந்தப் படியருகே போய் நின்றாள். கையில் ஃபைல் இல்லை.

"ஹெல்மெட்..." என்று ஆரம்பித்தான்.

"மேல ஏற வரல. உங்களைப் பார்க்கத்தான் வந்தேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. இதையும் மறிப்பீங்களா?"

நீண்டிருந்த கை மெல்ல இறங்கியது. அந்தக் கண்கள் முதல்முறையாகத் தடுமாறின.

"நானா? அன்னிக்கு நீங்க நனைஞ்சுக்கிட்டே போனதுலேர்ந்து... மறுபடி எப்ப வருவீங்கன்னு இந்தப் படியையேதான் பார்த்துக்கிட்டிருக்கேன்."

"எங்கப்பா மறிச்சா?"

"நகரமாட்டேன்," என்றான்.