பன்னிரண்டு சம்மனசு அச்சுகள்

இரவு நிரப்பி வைத்த செம்பு காலையில் காலியாக இருந்தது. மேலே கவிழ்த்த டம்ளர் கவிழ்த்தபடியே இருந்தது. செம்பின் அடியில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. தூக்கக் கலக்கத்தில் தானே குடித்திருப்போம் என்று டெய்சி நினைத்தாள். ஆனால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. கத்திரி வெயிலில் மணிமுத்தாறே காணாமல் போகிற ஊர், செம்புத் தண்ணீர் எந்த மூலைக்கு என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். டெய்சிக்கு அந்த வளை நாற்பத்தோராவது வயதில்தான் கிடைத்தது. அதுவரை அண்ணன் ஜஸ்டின் வீட்டுக் கூடத்தில், டிவிக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே, எல்லோரும் படுத்த பிறகு விரித்து, எல்லோரும் எழுவதற்கு முன் சுருட்ட வேண்டிய பாய்தான் அவள் இடம். ஜங்ஷன் ரோட்டில் மாடி அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்த அன்று அண்ணி அருள்ஜோதி வாசற்படியில் நின்றுகொண்டு சொன்னாள்: “போயி இருந்து பாரு. ஒரு மாசம் தாங்குறியான்னு நானும் பாக்குறேன். பாயச் சுருட்டி அங்கியேதான் வெச்சிருக்கேன்.”

“நாலாவது ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு செலினக் கூட்டிக்கிட்டு வாங்க அண்ணி. ரூம வந்து பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க” என்றாள் டெய்சி. செலின் அண்ணன் மகள், ஐந்து வயது. அந்த வீட்டில் டெய்சியைத் தேடுகிற ஒரே ஜீவன்.

வீம்புக்காகவே அறையைப் பார்த்துப் பார்த்து இழைத்தாள். சுவருக்கு வெளிர்நீலம், சன்னலுக்கு வெள்ளைத் திரை, தன் கையால் பூப்போட்ட தலையணை உறை, கண்ணைக் குத்தாத மஞ்சள் விளக்கு. படுக்கையறை உங்கள் முகமாக இருக்க வேண்டும் என்று போன் வீடியோவில் ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். டெய்சியின் முகம் எது? இருபது வருடமாகப் பீங்கான் பொம்மைக் கம்பெனியில் அச்சுக்குள் மண்கூழ் ஊற்றுகிற முகம். கம்பெனிக் கொல்லையில் கழித்துப் போட்டிருந்த பிளாஸ்டர் அச்சுகளில் பன்னிரண்டைப் பொறுக்கினாள். கோயில் கிறிஸ்துமஸ் குடிலுக்கென்று ஆள் உயரத்தில் செய்த சம்மனசுகளின், அதாவது தேவதூதர்களின், முக அச்சுகள். பதினொன்று பெரியவை. ஒன்று மட்டும் குழந்தைச் சம்மனசு. எல்லாவற்றையும் கால்மாட்டுச் சுவரில் பதித்தாள். உள்ளே குழிந்த முகங்கள்தான் அவை. படுத்துக்கொண்டு பார்த்தால் வெளியே புடைத்துத் தெரிந்தன. எழுந்து நடந்தால் கூடவே திரும்பின.

அந்தச் சுவரின் போட்டோவைப் பார்த்த கொளஞ்சியம்மாளுக்கு முகம் மாறியது. டெய்சிக்குத் தொழில் பழக்கியவள் அவள்தான். “அத ஏன்டி கொண்டுபோயி மாட்டுன? தேஞ்சி போயி கழிச்சது இல்ல அது. மத்த அச்சு இருவது நிமிஷத்துல குடிக்கிற தண்ணிய இது அஞ்சு நிமிஷத்துல குடிச்சிடும். உள்ள படிஞ்ச ஏட்ட வுடவும் வுடாது.”

கூழிலுள்ள தண்ணீரை அச்சு குடிக்கக் குடிக்க, ஓரத்தில் மண் ஏடாகப் படியும். அந்த ஏடுதான் பொம்மை. இது டெய்சிக்குத் தெரியாததா?

“குடிக்கட்டுங்கக்கா. நான் என்ன மண்ணா?” என்று சிரித்தாள்.

செம்பு காலியான அன்று மாலை, முதல் அச்சின் கன்னத்தில் கை வைத்தாள். குளிர்ந்திருந்தது. வெளியே ரோட்டுத் தார் இளகுகிற வெயில், உள்ளே மின்விசிறி அனலைத்தான் வாரி இறைத்தது, அந்த ஒரு கன்னம் மட்டும் சுனைக்கல் மாதிரி ஈரமாக இருந்தது. மறுநாள் இரண்டு அச்சுகள். தலையில் வைத்துப் படுத்த மல்லிகை காலையில் உமியாக உதிர்ந்தது. உதடு பிளந்தது, ஆனால் ரத்தம் வரவில்லை. அறைக்குள் ஈரமண் வாசம் அடித்தது, கம்பெனியில் கூழ் கலக்கும் தொட்டியின் வாசம்.

அவள் போயிருக்கலாம். பத்து நிமிட நடைதான் அண்ணன் வீடு. செருப்பைக்கூட மாட்டினாள் ஒரு நாள். ஆனால் சுருட்டி வைத்த பாய் கண்ணில் வந்து நின்றது, அதன் பக்கத்தில் அண்ணியின் சிரிப்பு. செருப்பைக் கழற்றிவிட்டாள். அச்சுகளைப் பெயர்க்க உளியும் கொண்டுவந்தாள், அவை சிமென்டோடு சிமென்டாகப் பிடித்துக்கொண்டிருந்தன.

ஏழு. எட்டு. ஒன்பது அச்சுகள் ஈரமாயின. குடம் குடமாகக் குடித்தாள். வியர்வை நின்றது. வளையல் தானாகக் கழன்று விழுந்தது.

சனிக்கிழமை எழுந்து நிற்கவே முடியவில்லை. நாளை அவர்கள் வருவார்கள். யாராவது வந்து எழுப்பட்டும் என்று தவழ்ந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கிவிட்டுப் படுத்தாள்.

ஞாயிறு. கோயில் மணி கேட்டது. திரை வழியே நல்ல வெளிச்சம்.

சுவரைப் பார்த்தாள். பதினொரு அச்சுகளிலும் ஏடு படிந்திருந்தது. மெல்லிய ஏடு. மண் நிறமில்லை. அவள் நிறம். ஒவ்வொன்றிலும் இடது கண்ணுக்குக் கீழே அவளுடைய மச்சம்.

கையைத் தூக்கித் தன் கன்னத்தைத் தொட்டாள். வழவழப்பு. விரல் முட்டியால் தட்டினாள். சூளையில் வேகாத பொம்மையின் சத்தம் வந்தது. சாம்பல் புதனன்று சாமியார் நெற்றியில் சாம்பல் பூசி, ‘மனிதனே, நீ மண்ணாக இருக்கிறாய்’ என்று சொல்வது நினைவுக்கு வந்தது. அழ வேண்டும் போலிருந்தது. கண்ணில் தண்ணீர் இல்லை.

சுவர் அழுதது. பதினொரு முகங்களும். ஈரமாக.

படிக்கட்டில் செருப்புச் சத்தம்.

“டெய்சி, தூங்குறியா?” அண்ணியின் குரல். அதற்கு முன்னால் துள்ளி ஏறும் சின்னக் கால்கள். “அத்த, தாகமா இருக்குது அத்த.”

வராதீங்க. சொல்ல வாயைத் திறந்தாள். உதட்டோரம் விண்டு மார்பில் உதிர்ந்தது. சத்தம் வரவில்லை.

சத்தம் சுவரிலிருந்து வந்தது. ஈரமான, நல்ல குரல். அவளுடைய குரல்.

“கதவு தெறந்துதான் இருக்குது அண்ணி. உள்ள வாங்க. புள்ளய முன்ன அனுப்புங்க.”

கீழ் வரிசையில் குழந்தைச் சம்மனசின் அச்சு மட்டும் இன்னும் உலர்ந்து, வெள்ளையாக இருந்தது. கதவு நகர்ந்தது. முகங்கள் எல்லாம் வாசல் பக்கம் திரும்பின.