தேனம்மையின் கடம்பன்

செவ்வாயின் மூன்றாம் குமிழ்நகர்த் திரையரங்கில் திரை கிடையாது. ஐந்நூறு பேர் வெற்றுச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் வேறு வேறு படம் ஓடும். புத்தகம் படித்தபோது அவரவர் மனதில் உருவான முகங்களைக் காதுக்குப் பின்னால் பதித்த மனச்சில்லு தேடியெடுத்துக் கதையில் பொருத்திவிடும். புத்தகத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று இயக்குநரை யாரும் திட்ட முடியாது.

அன்று ‘சாம்பல் யாளி’ வெளியான முதல் நாள். பிராணவாயு நிலையத்தில் மேற்பார்வையாளரான நாச்சியப்பன் அதன் நான்கு பாகங்களையும் பதினோரு முறை படித்தவர். யாளியின் மேல் ஏறிப் பறக்கும் கடம்பனின் முகம் எப்படியிருக்கும் என்று ஆசிரியர் ஓரிடத்திலும் எழுதவில்லை. நாச்சியப்பனின் கடம்பன் நாச்சியப்பனைப் போலவே இருந்தான். தலைமுடி மட்டும் கொஞ்சம் கூடுதல். பெண் பார்க்கப் போன வீடுகளில் அவர் கேட்ட ஒரே கேள்வி இந்தப் புத்தகத்தைப் பற்றித்தான். ஆறு பெண்களைத் தட்டிக்கழித்த பிறகு, “எனக்கும் அதுன்னா உசிருங்க” என்று சொன்ன தேனம்மையைக் கட்டிக்கொண்டார். ஒன்பது ஆண்டுகள் ஆகியும் அந்தப் பெருமை அவருக்குக் குறையவில்லை.

இடைவேளைக்குப் பிறகு தம்பதிகள் சில்லுகளை இணைத்து, ஒருவர் படத்தை மற்றவர் பார்ப்பது அந்த ஊர் வழக்கம். அதற்குக் கண்மாற்று என்று பெயர். தேனம்மை தலைவலி என்றாள்.

“கண்மாற்று பண்ணாம எந்திரிச்சுப் போனா ஊரு என்ன பேசும்?” என்று நாச்சியப்பன் தானே இணைத்தார்.

அவளுடைய கடம்பன் யாளியிலிருந்து குதித்து இறங்கினான். சுருட்டை முடி, கன்னத்தில் குழி, இரும்பு உடம்பு. நாச்சியப்பனின் சாயல் மருந்துக்குக்கூட இல்லை. அவருக்கு வயிறு எரிந்தது. ஒன்பது வருடம் பக்கத்திலேயே இருந்துகொண்டு மனதில் எவனை வைத்திருந்தாள்?

வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டார். “யாரு அவன்?”

தேனம்மை புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே நின்றாள். “காலேஜ்ல கூடப் படிச்சவருங்க,” என்றாள் கடைசியில். “எப்பவோ முடிஞ்சுபோன கதை.”

நான்கு நாட்களாக நாச்சியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. நிலையத்தில் சுவாசக் கவசத்தைக் கழற்றிய ஒவ்வொருவன் கன்னத்திலும் குழி தேடினார். ஐந்தாம் நாள் காலை, கண்மாற்றில் பதிவான அவளுடைய படத்தை எடுத்துக்கொண்டு திரையரங்கு இயக்குபவர் அருள்தாஸிடம் போனார்.

“இந்த ஆளு யாருன்னு கண்டுபிடிச்சுத் தர முடியுமா?”

அருள்தாஸ் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இவரா? இவரு ஆளே இல்ல சார். எங்க கம்பெனி செஞ்ச முகம். புத்தகம் படிக்காதவங்க மனசுல கடம்பன் இருக்க மாட்டான்ல. அதுக்காக முண்டமாவா ஓட்ட முடியும்? இந்த ஊர்ல நூத்துக்குத் தொண்ணூறு பேரு பாக்குறது இவரைத்தான். ஆனா கேட்டுப் பாருங்க, அத்தனை பேரும் படிச்சிருக்கேன்னுதான் சொல்லுவாங்க.”

நாச்சியப்பன் வீட்டை நோக்கி நடந்தார். காதலன் இல்லை என்று தெரிந்தும் நெஞ்சு ஆறவில்லை. காதலனையாவது மன்னித்துத் தொலைக்கலாம். எத்தனையோ பேர் மன்னித்திருக்கிறார்கள். கடம்பனைப் பற்றி அவர் மணிக்கணக்கில் பேசியபோதெல்லாம் அவள் “ஆமாங்க” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. இதை எப்படித் தாங்குவது? ஏழாவது பெண்ணையும் தட்டிக்கழித்திருக்க வேண்டும் என்று தோன்றியதும் பயந்துபோனார்.

தேனம்மை கண் சிவந்து காத்திருந்தாள். “உண்மையைச் சொல்லிடுறேங்க. அந்தப் புத்தகத்தை நான்…”

“வேண்டாம்,” என்று அவசரமாகக் கையமர்த்தினார் நாச்சியப்பன். “அவன் பேரு என்ன? அதை மட்டும் சொல்லு.”

அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். “சபாபதிங்க.”

“நல்லாப் படிப்பானா?”

“நிறையப் படிப்பாருங்க. சாம்பல் யாளியை எனக்குக் கொடுத்ததே அவருதான்.”

நாச்சியப்பனுக்கு வயிறு பழையபடி எரிந்தது. “திருட்டுப் பய,” என்று சபாபதியைத் திட்டிக்கொண்டே தட்டின் முன் உட்கார்ந்தார். ஐந்து நாளில் முதன்முறையாக இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.