பின்னாலிருந்து ஒரு பிடி

பயிற்சியாளர் இன்னும் கரையில் உட்கார்ந்து கால்துடுப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அதற்குள் அவள் முதுகிலிருந்த காற்றுச் சிலிண்டரை யாரோ பிடித்தார்கள்.

இடுப்பளவுத் தண்ணீரில் மண்டியிட்டு, முகத்தை உள்ளே அமிழ்த்தி, வாயில் கவ்விய குழாய் வழியாக மூச்சு விட்டுப் பழகச் சொல்லியிருந்தார்கள். முதுகுப் பாரம் ஒரு பக்கமாக இழுத்ததில் அவள் மெல்லச் சாய்ந்துகொண்டிருந்தாள். அந்தப் பிடி அவளை நேராக நிமிர்த்தியது. இழுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை; தொழில் தெரிந்த கை. பரவாயில்லையே, ஆள் கெட்டிக்காரர்தான் என்று நினைத்துத் தலையைத் தூக்கியபோது அவர் கரையில் குனிந்து வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். அவளுக்குப் பின்னால் தண்ணீர்தான் இருந்தது. அடிமணல் மட்டும் லேசாகக் கலங்கியிருந்தது.

வார் எதிலாவது மாட்டியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வாய்விட்டுச் சொல்லக்கூடிய நிலைமையில் அவள் இல்லை. சொன்னால் மகன் காதில் விழும். மகன் காதில் விழுந்தால் எல்லாம் முடிந்தது.

ஊரில் அவளை மாஸ்டரம்மா என்பார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் வைத்த பழைய காரில், ஸ்டீயரிங்கை எருமைக் கொம்பு மாதிரி பிடித்துக்கொண்டு நடுங்குகிறவர்களை உட்காரவைத்து, "என் கால் பிரேக்லதான் இருக்கு, நீ பாட்டுக்கு ஓட்டு" என்பாள். பாதி நேரம் கால் பிரேக்கில் இருக்காது. அதை அவர்களிடம் சொல்ல மாட்டாள். கணவர் இருந்தவரை இருவருமாக நடத்திய பள்ளி அது. அவர் போன பிறகு, "மூடிட்டு எங்ககூட வந்து இரு" என்று மகன் நச்சரிக்க ஆரம்பித்தான். விடுமுறைக்கு அழைத்து வந்ததே அதைப் பேசி முடிக்கத்தான் என்று அவளுக்குச் சந்தேகம். காலையில் சாப்பிடும்போது கடலுக்கடியில் போய்ப் பார்க்க ஆசை என்று அவள் வாயைத் திறந்ததும் அவன் தொடங்கிவிட்டான்.

"இந்த வயசுல எதுக்கும்மா இதெல்லாம்? கீழ மூச்சு முட்டிச்சுன்னா?"

"முட்டினா மேல வரேன்."

"எல்லாத்துக்கும் இப்படியே பேசு. தனியா சமாளிக்க முடியாதுன்னு உனக்கு எப்பத்தான் புரியப்போகுது? ஸ்கூல் விஷயமும் இதேதான்."

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். "இங்க பாரு. கீழ போய் முழுசா சுத்திட்டு, என் கால்லயே நடந்து படகுல ஏறிட்டேன்னா, ஸ்கூல மூடுன்னு நீ இனிமே வாயத் திறக்கக் கூடாது. நடுவுல பயந்து மேல வந்துட்டா, சாவிய உன் கையில குடுத்துடறேன். சரியா?"

"அத்தை, இதுக்கெல்லாமா பந்தயம்?" என்றாள் மருமகள்.

"சரி" என்றான் மகன். வீம்பில் அவன் யாருடைய பிள்ளை?

மகனையும் மருமகளையும் ஏற்றிக்கொண்டு படகு கரையைவிட்டு நகர்ந்தது. வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. டீசல் நெடியும், காயாத ரப்பர் உடுப்பின் வாடையும், படகோட்டி குடித்துக்கொண்டிருந்த காப்பியின் மணமும் கலந்து வீசின. பயிற்சியாளர் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"மூச்ச மட்டும் எப்பவும் அடக்காதீங்கம்மா. இழுங்க, விடுங்க, இழுங்க, விடுங்க, அவ்வளவுதான். நான் பின்னாடியே சிலிண்டரப் பிடிச்சுட்டு வருவேன். என்னைத் தேடித் திரும்பாதீங்க, நிலை தடுமாறிடும். கடைசியா முன்னாடி வந்து ஒரு போட்டோ எடுப்பேன். அதோட மேல வந்துடலாம்."

"இதே வசனத்த வெச்சுத்தான் தம்பி நானும் தொழில் பண்றேன்."

அவர் சிரித்தார். மகன் சிரிக்கவில்லை. படகின் ஓரத்தில் உட்கார்ந்து தன் நீச்சல் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பயம் அவனுக்குத்தான் என்று அவளுக்குத் தெரிந்தது; பாவம் என்றும் தோன்றியது, எரிச்சலும் வந்தது.

தலை தண்ணீருக்குள் போனதும் உலகத்தின் சத்தமெல்லாம் கதவடைத்த மாதிரி நின்றுபோய், தன் மூச்சு மட்டும் யாரோ காதுக்குள் உட்கார்ந்து இழுப்பது போலக் கரகரவென்று கேட்க, குமிழிகள் கன்னத்தை உரசிக்கொண்டு கலகலத்து மேலே போக, நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி இறங்க இறங்கத் தண்ணீர் இளஞ்சூட்டிலிருந்து குளிர்ச்சிக்கு மாறுவது கணுக்காலிலிருந்து கழுத்துவரை படிப்படியாக ஏறியது. காது அடைத்தது. மூக்கைப் பிடித்து ஊதினாள், திறந்தது. முதுகில் பயிற்சியாளரின் பிடி இருந்தது. அவருடைய மூச்சும் பின்னால் கேட்டது. இரண்டு மூச்சு, இரண்டு குமிழிக் கூட்டம்.

கீழே வெள்ளை மணல். அதன்மேல் அலைகளின் ஒளி வலை வலையாக ஆடிக்கொண்டிருந்தது. முட்டைக்கோஸ் மாதிரி விரிந்த பவளங்களுக்கு நடுவில் மஞ்சள் மீன்கள் அவளைச் சட்டை செய்யாமல் மேய்ந்தன. அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை வருடம் இது பாட்டுக்கு இங்கே இருந்திருக்கிறது, நான் சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன் என்று நினைத்தாள். கைகளைக் கட்டிக்கொண்டு, பின்னாலிருக்கும் கை கொண்டுபோன இடமெல்லாம் போனாள். ஒரு பெரிய பாறையைச் சுற்றினார்கள். அதைத் தாண்டியதும் மணல் சரிவாக இறங்கி, நீலமாகி, கருநீலமாகி, அதற்குமேல் எதுவும் தெரியவில்லை.

அந்தச் சரிவில் இறங்க ஆரம்பித்தபோதுதான் ஏதோ குறைகிறது என்று தோன்றியது. என்னவென்று உடனே பிடிபடவில்லை. அண்ணாந்து பார்த்தாள். தலைக்குமேல் குமிழிகள் வெள்ளிக்காசு மாதிரி மினுங்கிக்கொண்டு ஏறின. அவளுடையவை. பிறகு ஒரு இடைவெளி. மறுபடி அவளுடையவை.

இன்னொரு கூட்டத்தைக் காணோம்.

பழகின ஆள், மூச்சை மிச்சம் பிடிப்பார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். மனம் ஒப்பவில்லை. செய்யவே கூடாது என்று சொன்ன ஒன்றைச் செய்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு காது கொடுத்துக் கேட்டாள்.

ஒன்றுமில்லை. எங்கோ தூரத்தில் பவளத்தைக் கொறிக்கும் மீன்களின் நொறுநொறுப்பு. தன் நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தம். முதுகுக்குப் பின்னால் மூச்சில்லை. ஆனால் பிடி இருந்தது. அசையாமல், அவசரப்படாமல், அவளைச் சரிவில் இறக்கிக்கொண்டிருந்தது.

மேலே போக வேண்டும் என்று காட்டக் கட்டை விரலை உயர்த்தலாம். உயர்த்தினால் மேலே போகலாம். மேலே போனால் சாவியைக் கொடுக்க வேண்டும். விரலை மடக்கிக்கொண்டாள். ஒரு நிமிடம் பொறு, போட்டோ எடுக்க முன்னால் வருவார், முகத்தைப் பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தாள்.

அவர் முன்னால் வந்தார்.

பாறையின் அந்தப் பக்கத்திலிருந்து, அவளைத் தேடிக்கொண்டு, வேகமாக நீந்தி வந்தார். தலைக்குமேல் அவருடைய குமிழிகள் கொத்துக் கொத்தாக ஏறின. அவளைக் கண்டதும் நிம்மதியாகத் தலையாட்டி, கேமராவை இரண்டு கையாலும் தூக்கிக் கண்ணருகே வைத்தார்.

இரண்டு கையாலும்.

பிடி முதுகில் இருந்தது.

கேமரா மெல்ல இறங்கியது. கண்ணாடிக்குள் அவர் கண்கள் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தன. பிறகு அதற்கும் பின்னால். அதற்கும் பின்னால். நீளமான எதையோ தொட்டுத் தொட்டுப் பார்ப்பதுபோல அவர் பார்வை சரிவின் அடிவரை போனது. கேமரா கையிலிருந்து நழுவியது. கால்துடுப்பைப் பைத்தியம் பிடித்தவர்போல அடித்துக்கொண்டு, அவளை விட்டுவிட்டு, அவர் மேலே போனார்.

அவளுக்குப் பயம் வந்தது. கூடவே கோபமும் வந்தது. நல்லவேளை, கோபம்தான் பெரிதாக வந்தது. ஆளாளுக்கு அவளைப் பிடித்து ஓட்ட வேண்டும். மகனுக்கு ஒரு பிடி, உறவுக்காரர்களுக்கு ஒரு பிடி, இப்போது இதற்கும் ஒரு பிடி. எத்தனை பேரை ஓட்டப் பழக்கிச் சாலையில் விட்டவள் அவள்? பின்னாலிருந்து ஓட்டுவதற்கு அவள் ஒன்றும் தள்ளுவண்டி இல்லை.

நீலம் கறுத்தது. குளிர்ந்தது.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கை ஓடாது, கால் ஓடாது. சிலிண்டர் வாரின் வயிற்றுக் கொக்கியைத் தடவினாள். திறந்தது. நெஞ்சுக் கொக்கி. திறந்தது. பாரத்துக்காக இடுப்பில் கட்டிய ஈயப் பட்டை. விழுந்தது. பின்னாலிருந்த பிடி ஒரு கணம் இறுகியது. புரிந்துவிட்டது அதற்கு.

ஒரு தோள். இன்னொரு தோள்.

நெஞ்சு நிறைய ஒரு மூச்சு.

குழாயைத் துப்பினாள்.

உதைத்தாள்.

மூச்சை விட்டுக்கொண்டே போனாள். கால் சுண்டுவிரலை ஏதோ உரசியது. மறுபடி உதைத்தாள். கறுப்பு நீலமானது, நீலம் பச்சையானது, பச்சை வெள்ளையானது. தலை வெளியே வந்தபோது அவள் போட்ட சத்தம் மூச்சா கத்தலா என்று அவளுக்கே தெரியவில்லை.

படகு பக்கத்தில்தான் இருந்தது. படகோட்டி நீட்டிய கையைத் தட்டிவிட்டு, தானே ஏணியைப் பிடித்து, தானே ஏறினாள்.

"என் கால்லயே ஏறிட்டேன்" என்றாள், உப்புத் தண்ணீரைத் துப்பியபடி. "எங்க அவன்? வந்து பாக்கச் சொல்லு."

பயிற்சியாளர் பேயறைந்தவர்போல ஒரு மூலையில் குந்தியிருந்தார். மருமகள் முகம் அழுது வீங்கியிருந்தது.

"டிரெய்னர் தனியா மேல வந்தாரு அத்தை. அதப் பாத்ததும் உங்க பையன் உங்களத் தேடிக் குதிச்சுட்டாரு."

படகின் அந்தப் பக்கம், கொஞ்ச தூரத்தில், மகன் தண்ணீர்மேல் குப்புறக் கிடந்து கீழே பார்த்துப் பார்த்து நீந்திக்கொண்டிருந்தான். கண்ணாடியும் ஒரு மூச்சுக்குழலும்தான் அவனிடம் இருந்தன. அம்மாவால் தனியாக முடியாது என்று நினைக்கிற பிள்ளை. நினைத்துக்கொண்டு கரையில் நிற்காத பிள்ளை. அவனைப் பார்த்ததும் அவளுக்கு நெஞ்சு கரைந்தது.

அப்போதுதான் அவனுக்குப் பக்கத்தில் தண்ணீர் கொப்பளித்தது.

குமிழிகள். ஒரு கொத்து வந்தது. நின்றது. இன்னொரு கொத்து வந்தது. நின்றது. இழுங்க, விடுங்க. இழுங்க, விடுங்க. அவள் கழற்றிப் போட்ட குழாயை அது கவ்விக்கொண்டுவிட்டது.

மகன் தலையைத் தூக்கினான். முகமெல்லாம் சிரிப்பு. படகைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

"குமிழி வருது! அம்மா இங்கதான் இருக்காங்க!"

"டேய், நான் இங்க இருக்கேன்டா!"

அதற்குள் அவன் முகம் தண்ணீருக்குள் போயிருந்தது. இடுப்பு மடங்கியது, கால்கள் மேலே நிமிர்ந்தன, போய்விட்டான். குமிழியும் நின்றுபோனது.

நங்கூரக் கயிற்றுக்குப் பக்கத்தில் கிடந்த வேறொரு கயிற்றின் நுனியை இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டாள். மருமகள் தோளைப் பிடித்து நிறுத்தப் பார்த்தாள். "கைய எடு. கயிற விடாதே" என்றாள். படகோட்டி அந்த இடத்துக்குப் படகைத் திருப்புவதற்குள் குதித்துவிட்டாள்.

கண்ணாடி முன்பே கழன்று போயிருந்தது. உப்பு கண்ணை எரித்தது. மங்கலாக ஒரு கை தெரிந்தது. பிடித்தாள். அவனுடைய கைதான், கைக்கடிகாரம் இருந்தது. அவனை மார்போடு அணைத்துக் கயிற்றைச் சுண்டி இழுத்தாள். மேலே இருந்தவர்கள் இழுத்தார்கள். பயிற்சியாளரும் எழுந்து வந்து இழுத்திருக்க வேண்டும், கயிறு வேகமாக ஏறியது. இருவர் தலையும் வெளியே வந்தன. அவன் இருமினான். உயிர் இருந்தது.

"அம்மா" என்றான். "பின்னாடி யாரோ பிடிச்சிருக்காங்க."

"தெரியும். நீ என்னை மட்டும் பாரு."

அவன் தோளுக்குமேல் அவள் பார்த்தாள். இந்த முறை பார்த்தாள்.

அவன் சட்டைக் கழுத்தில் ஐந்து விரல்கள். வெளுத்து, ஊறி, நகமில்லாமல். அதற்குப் பின்னால், தண்ணீருக்குச் சற்றுக் கீழே, அவள் கழற்றிவிட்ட சிலிண்டர் வாரை மாட்டிக்கொண்டு ஒரு முகம். கொக்கிகள் எல்லாம் ஒழுங்காகப் பூட்டியிருந்தன. அதன் கழுத்தை இன்னொரு கை பிடித்திருந்தது. அந்தக் கைக்குரிய கழுத்தை வேறொரு கை. ஒருவரை ஒருவர் பிடித்தபடி, ஒரே வரிசையாக, பச்சையிலிருந்து நீலத்துக்கும் நீலத்திலிருந்து கறுப்புக்கும் அது இறங்கிக்கொண்டே போனது. எல்லா முகங்களும் வெளிச்சத்தைப் பார்த்து அண்ணாந்திருந்தன.

மேலே இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. கயிறு நின்றுவிட்டது. "கனமா இருக்கும்மா" என்று படகோட்டி கத்தினார். "விட்டுடவா?"

அவள் மகனின் இடுப்பைச் சுற்றிக் கையைப் பூட்டிக்கொண்டாள்.

"இழு" என்றாள்.

கயிறு ஒரு முழம் ஏறியது. வரிசையும் ஒரு முழம் ஏறியது.