பதினோராவது பாட்டுக்குப் பிறகு

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. பழைய அச்சகக் கட்டடத்தின் முன்னால் பைக்கை நிறுத்திய லிஃப்ட் மெக்கானிக், பின்சீட்டில் கட்டியிருந்த பேட்டரியை அவிழ்ப்பதற்குள் வியர்த்துக் கொட்டினார். ஐந்து மாடி. ஜன்னல்களில் பாதிக்குக் கண்ணாடி இல்லை. அடுத்த வாரம் இடிக்கப் போகிறார்கள் என்று வாசலில் ஒரு தகரப் பலகை தொங்கிக்கொண்டிருந்தது.

“நீங்கதானே ஸ்பேனர்?”

நிழலில் நின்றிருந்த பெண் சிரித்தாள். தடுப்பூசி போடும் நர்ஸ். இணையத்தில் இருக்கும் ரசிகர் குழுவில் அவள் பெயர் ஊசி, இவர் பெயர் ஸ்பேனர். எட்டு வருடமாக அந்தக் குழுவில் இருவரும் கீரியும் பாம்புமாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். முகம் பார்ப்பது இன்றுதான்.

“நேர்ல பாத்தா அவ்வளவு கெட்டவர் மாதிரி தெரியலையே,” என்றாள்.

“இன்னும் வாயைத் திறக்கலையே.”

சண்டையெல்லாம் ஒரே ஒரு ஆல்பத்தைப் பற்றியது. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் நான்கு பேர் கொண்ட ஒரு பங்க் ராக் பேண்ட், இந்தக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துப் பதிவு செய்த ‘பன்னிரண்டாம் மாடி’. பன்னிரண்டு பாட்டு, ஒரே கதை. ஆளில்லாத கட்டடத்தில் ஒரு காவலாளி லிஃப்டில் மாட்டிக்கொள்கிறான். பாட்டுக்கு ஒரு மாடியாக அவன் வாழ்க்கை மேலே ஏறுகிறது. பதினோராவது பாட்டு முடிந்ததும் நாற்பது விநாடிக்குச் சத்தமே இருக்காது. அப்புறம் பன்னிரண்டாவது பாட்டில் கயிறு அறுந்து லிஃப்ட் விழுகிறது.

முந்நூறு இசைத்தட்டுதான் விற்றது. ஆல்பம் வந்த ஏழாம் மாதம் பாடகன் இறந்துபோனான். அவனுடைய கரகரத்த குரலுக்காக ரசிகர்கள் அவனைத் தொண்டை என்று கூப்பிடுவார்கள்.

அவன் இறந்தது இதே கட்டடத்தின் லிஃப்டில்.

அதற்குப் பிறகுதான் ஆல்பத்துக்குப் பேரும் புகழும் வந்தது. தன் சாவை முன்கூட்டியே பாடிவிட்டான் என்றார்கள். ஸ்பேனர் மட்டும், அதெல்லாம் கட்டுக்கதை, ஆல்பமே அரைகுறை என்று ஒற்றை ஆளாக எழுதிக்கொண்டிருந்தார்.

பாடகனின் அக்கா சாவியோடு வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். தையல்காரர், சேலைத் தலைப்பில் இரண்டு குண்டூசிகள் குத்தியபடியே இருந்தன. அறையில் கிடக்கும் தம்பியின் சாமான்களை எடுத்துக்கொள்ளச் சொல்லி கட்டட உரிமையாளர் சாவி கொடுத்திருந்தார். ரசிகர்களில் வர முடிந்தவர்கள் வாருங்கள் என்று அக்காவே குழுவில் எழுதியிருந்தார். வந்தது இரண்டே பேர்.

“கரண்டு கிடையாது தம்பி. படிதான்.”

உள்ளே மை வாசனையும் எலி வாசனையும் கலந்து அடித்தது. படிக்கட்டுக்குப் பக்கத்தில் லிஃப்ட். தரைத்தளத்தில் கூண்டு குந்திக் கிடந்தது. மடக்குக் கம்பிக் கதவில் விரல் கனத்துக்குத் தூசி. தொழில் பழக்கத்தில் மெக்கானிக் கம்பி வழியாக அண்ணாந்து பார்த்தார். மோட்டாரும் இல்லை, கயிறும் இல்லை. எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டிருக்கிறார்கள். மேலே வெறும் இருட்டு.

அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு படியேறினார்.

ஐந்தாம் மாடி அறையின் சுவரெல்லாம் முட்டை அட்டைகள். சத்தம் வெளியே போகாமலிருக்க அந்தக் காலத்தில் ஒட்டியவை, பாதி தொங்கின. மெக்கானிக் பேட்டரியை இறக்கி, ஊசி கொண்டுவந்திருந்த இசைத்தட்டுப் பெட்டிக்கு இணைப்புக் கொடுத்தார். அக்கா கவிழ்த்துப் போட்ட ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்தார்.

“நான் இதை முழுசாக் கேட்டதே இல்ல. நீங்கல்லாம் பக்கம் பக்கமா எழுதறீங்களே, அப்படி அதுல என்னதான் இருக்குன்னு சொல்லுங்க. அப்புறம் கேப்போம்.”

ஊசி முந்திக்கொண்டாள். “மத்த ஆல்பம்லாம் கோபம்தான் அக்கா. இதுல கோபத்துக்கு ஒரு ஆள் இருக்கான். மூணாவது பாட்டுல அவனுக்குச் சம்பளம் வெட்டறாங்க. அஞ்சாவதுல அவன் பொண்டாட்டி போயிடறா. ஒவ்வொரு பாட்டுலயும் அதே நாலு கிட்டார் கார்டுதான், ஆனா வேகம் கொறைஞ்சுக்கிட்டே வரும். மூச்சு கொறையற மாதிரி. அந்த நாற்பது செகண்டு வரும்போது நம்மளும் அந்தக் கூண்டுக்குள்ளதான் இருப்போம்.”

“வாசிக்கத் தெரியாததால வேகம் கொறைஞ்சுது,” என்றார் மெக்கானிக்.

“பாத்தீங்களா, ஆரம்பிச்சுட்டார்.”

“உள்ளதைச் சொல்றேன். முதல் ஆறு பாட்டு நல்ல பாட்டு. அதை நான் மறுக்கவே இல்ல. அப்புறம் கதைக்காகப் பாட்டை இழுத்திருக்காங்க. நாற்பது செகண்டு ஒண்ணுமே இல்லாம விட்டதுக்குப் பேர் சோம்பேறித்தனம். கடைசிப் பாட்டு சுத்தப் பொய். கயிறு அறுந்தாலும் லிஃப்ட் விழாதுங்க. பக்கத்துத் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்க கூண்டுக்கு அடியில இரும்புத் தாடை இருக்கு. இருபத்தஞ்சு வருஷமா இதே வேலைதான் பாக்கறேன். நின்னுதான் போகும், விழாது.”

“கதைங்க அது. லிஃப்ட் ரிப்பேர் புத்தகம் இல்ல.”

“கதைன்னாலும் பொய் பொய்தான்.”

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “இவ்வளவு பிடிக்காததை எதுக்குத் தம்பி எட்டு வருஷமாக் கேட்டுக்கிட்டு இருக்கீங்க?”

மெக்கானிக் ஒயரைத் தேவையில்லாமல் ஒருமுறை முறுக்கினார்.

“நானும் உங்க மாதிரிதான் திட்டினேன்,” என்றார் அக்கா. “இது பாட்டா, தொண்டை கிழியக் கத்தறதுக்குப் பேர் பாட்டான்னு கேட்டேன். சோத்துத் தட்டை அப்படியே வெச்சுட்டு எழுந்து போனான். மூணு நாள் தொடர் லீவு, கட்டடம் பூட்டிக் கிடந்துச்சு, ஆனா அவன்கிட்ட ஒரு சாவி இருந்துச்சு. கோபத்துல இருக்கான், தானா வருவான்னு தேடாம இருந்துட்டேன். நாலாம் நாள்தான் கண்டுபிடிச்சாங்க. லிஃப்டு மூணாவது மாடிக்கும் நாலாவதுக்கும் நடுவுல நின்னுபோயிருந்துச்சு. நல்ல வெயில் காலம். உள்ள அலாரம் மணி இருந்துச்சாம். பழுதாயிருந்துச்சு, அடிக்கலைன்னு ரிப்போர்ட்டுல எழுதியிருந்தாங்க. யாருக்கும் கேட்டிருக்காது. நான் ஒருத்தி தேடியிருந்தா...”

ஊசி அவர் தோளில் கை வைத்தாள்.

மெக்கானிக் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அந்த ரிப்போர்ட்டை எழுதிய கை அவருடையது. அந்த லீவு நாட்களில், இந்த லிஃப்டைப் பராமரித்த கம்பெனியில் டியூட்டியில் இருந்தவர் அவர்தான். எதிர்க்கடைக்காரர் இரண்டு தடவை போன் செய்தார். பூட்டின கட்டடத்துக்குள்ள மணி அடிச்சுக்கிட்டே இருக்கு, கொஞ்சம் வந்து பாருங்க என்றார். எலி ஒயரைக் கடிச்சிருக்கும், லீவு முடிஞ்சு பாக்கறேன் என்று இவர் சொன்னார். கடைக்காரர் அந்த வருடமே ஊரைவிட்டுப் போய்விட்டார். வேறு யாருக்கும் தெரியாது.

“போடுங்க தம்பி,” என்றார் அக்கா. “கேப்போம்.”

தட்டு சுழன்றது. பாட்டுக்குப் பாட்டு வெளிச்சம் சுவரில் இறங்கியது. ஊசி உதட்டசைத்துக் கூடவே பாடினாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். ஆறாவதோடு தட்டைத் திருப்பிப் போட்டார்கள். பதினோராவது பாட்டு ஓர் ஒற்றை கிட்டார் ஒலியில் தேய்ந்து முடிந்தது.

நாற்பது விநாடி தொடங்கியது.

முள்ளின் மெல்லிய உரசல் மட்டும். மெக்கானிக் வழக்கம்போல மனதுக்குள் எண்ணினார். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது.

நாற்பத்தொன்று.

ஊசி நிமிர்ந்து பார்த்தாள். தட்டு சுழன்றுகொண்டுதான் இருந்தது.

ஐம்பது. அறுபது.

முள் தட்டின் உள்விளிம்புக்கு வந்தும் பாட்டு வரவில்லை.

அப்போது மணி அடித்தது.

பெட்டியிலிருந்து வரவில்லை. வெளியே, படிக்கட்டுப் பக்கமிருந்து. சின்னதாக, விட்டு விட்டு. அழுத்துகிற விரலுக்குத் தெம்பில்லாத மாதிரி.

“கரண்டு இல்லன்னீங்களே அக்கா,” என்று கிசுகிசுத்தாள் ஊசி.

மெக்கானிக் ஏற்கெனவே கதவைத் தாண்டியிருந்தார். ஏன் போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. பதினெட்டு வருடம் முன்னால் போகாத கால்கள் தாமாக இறங்கின. நான்காம் மாடி. அங்கிருந்து இறங்கும் படியில் பாதியில் நின்றார்.

கூண்டு அங்கே இருந்தது.

தரைத்தளத்தில் குந்திக் கிடந்த அதே கூண்டு. கயிறு இல்லை. மேலே மோட்டார் இல்லை. மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில், பாதி சுவருக்குள்ளும் பாதி கம்பிக்குப் பின்னாலுமாக நின்றது. உள்ளே இருட்டு. அந்த இருட்டிலிருந்து வியர்வையும் துருவும் கலந்த ஒரு வாடை சூடாக முகத்தில் மோதியது.

மணி நின்றது.

யாரோ மூச்சு விடுவது கேட்டது. உள்ளே இழுப்பதற்கு நேரமாகும் மூச்சு.

“விழாதுன்னு எனக்கும் தெரியும்ணே.”

மெக்கானிக் ஆயிரம் தடவை கேட்ட குரல். கத்தவில்லை. உலர்ந்த தொண்டையால் மெதுவாகப் பேசியது.

“நின்னுதான் போகும். அதான் பாட்டுலயாவது விழட்டும்னு விட்டேன்.”

மெக்கானிக் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வாய் தானாகப் பேசியது. கடைக்காரர் போன் செய்தது, எலி என்று சொன்னது, மறுநாள் மறுபடி செய்தபோது எரிந்து விழுந்து போனை வைத்தது, வேலை போய்விடும் என்று பயந்து மணி பழுது என்று எழுதியது. ஒன்றுவிடாமல் அந்தக் கம்பியைப் பார்த்துச் சொன்னார். சொல்லி முடித்தபோது கூண்டு இல்லை. கம்பிக்குப் பின்னால் வெறும் பள்ளம். கீழே தரையில் கூண்டின் கூரை மங்கலாகத் தெரிந்தது.

பின்னால் அக்கா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

“அப்போ மணி அடிச்சிருக்கான்,” என்றார்.

“அடிச்சிருக்கார் அக்கா. ரெண்டு நாள்.”

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர் அழுவார், அடிப்பார் என்று மெக்கானிக் எதிர்பார்த்தார். அக்காவோ தையல் அளவு சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

“பதினெட்டு வருஷம் நான் என்னையே கொன்னுக்கிட்டு இருந்தேன். நீ எழுதினதை நீயே மாத்தி எழுது. எங்க குடுக்கணுமோ அங்க போய்க் குடு. நான் கூட வரமாட்டேன். உன் முகத்தை இனிமே பாக்க என்னால ஆகாது.”

நீங்க போய் நீ ஆகியிருந்தது. ஊசி அவரைத் தாங்கி இறக்கிக் கூட்டிப்போனாள். மேலே தட்டு சுழன்றுகொண்டே இருந்தது. அதை நிறுத்த அவருக்கு ஏறத் துணிவில்லை. பேட்டரி தீர்ந்து அதுவாக நிற்கட்டும் என்று வெளியே வந்துவிட்டார்.

மூன்று இரவு தூங்காமல் நான்கு பக்கம் எழுதினார். செவ்வாய்க்கிழமை காலை, லிஃப்டுகளுக்கு உரிமம் கொடுக்கும் அலுவலகத்துக்குத் தனியாகப் போனார். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. குமாஸ்தா முழுவதையும் படித்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“லைசென்ஸ் போகும். கேஸும் வரலாம். தெரிஞ்சுதான் குடுக்கறீங்களா?”

“தெரிஞ்சுதான் சார்.”

“சரி. உங்க லைசென்ஸை நகல் எடுத்துட்டு வாங்க, முத்திரை போட்டுத் தர்றேன்.”

பக்கத்துக் கடையில் நகல் எடுக்கப் பத்து நிமிடம் ஆனது. திரும்பி வந்தபோது குமாஸ்தா மூலத்தாளில் முத்திரை குத்தி முடித்திருந்தார். மெக்கானிக்குக் கொஞ்சம் லேசாக இருந்தது. பல வருடத்துக்குப் பிறகு பசித்தது. அப்போதுதான் கடைசிப் பக்கத்தின் அடியைப் பார்த்தார். சாட்சி என்று எழுதியிருந்த கோட்டுக்கு மேல், அவர் காலியாக விட்டிருந்த இடத்தில், ஒரு கையெழுத்து இருந்தது. எழுத்துகள் நடுங்கி, மேலும் கீழுமாகப் போயிருந்தன.

மெக்கானிக் அதைப் படித்தார். ஆல்பத்தின் உறையில் அச்சாகியிருக்கும் பாடகனின் பெயர்.

“இது யார் சார் போட்டது?”

“என்னங்க கேக்கறீங்க? உங்ககூட வந்த தம்பிதான். சாட்சி வேணும்னேன், போட்டாரு. பாவம், ரொம்ப நாளாத் தண்ணியே காணாதவர் மாதிரி இருந்தார். சொம்போட வாங்கிக் குடிச்சார்.” குமாஸ்தா பேனாவால் சுவரோரம் காட்டினார். “உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கறதாச் சொன்னார். அதோ அந்த பெஞ்சுலதான்.”

பெஞ்சில் யாரும் இல்லை. காலிச் சொம்பு ஒன்று கவிழ்ந்து கிடந்து, இன்னும் லேசாக உருண்டுகொண்டிருந்தது.